தடித்த எழுத்தில் அறுபத்தொரு பேர்

சேஷம்மாள் தம் வாழ்க்கையில் இரண்டு தவறுகள் செய்திருப்பதாக ஒப்புக்கொள்வார். ஒன்று 1983-இல், ஒரு மாணவனின் விடைத்தாளில் அரை மதிப்பெண்ணைக் கூட்டாமல் விட்டது. மற்றது 1997-இல், மூணாறிலிருந்து மாட்டுப்பட்டிக்குப் போகும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பத்து நிமிடம் பிந்திக் குறித்துவைத்தது. முதல் தவறுக்காக மாணவனின் வீடு தேடிப்போய் வருத்தம் தெரிவித்தார். பதினொன்றரை பன்னிரண்டானதில் அந்தப் பையனுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இரண்டாவதற்குத் தண்டனையாக டிசம்பர் மாதக் குளிரில், பதின்மூன்று கிலோமீட்டர் போக ஜீப்புக்குக் காத்து நின்றார். இரண்டும் தேதியோடு அவருடைய நாட்குறிப்பில் இருக்கின்றன.

பாலக்காட்டுச் சித்தூரில் அரசுக் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்து 2012-இல் ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர். இப்போது வயது அறுபத்தேழு. கணவர் அனந்தநாராயணன் மாட்டுப்பட்டியில் கால்நடை மருத்துவர். 1981-இல் கல்யாணம். அவருக்கு மாடுகளை விட்டு வர முடியாது. இவருக்குக் கல்லூரியை விட்டுப் போக முடியாது. ஆகையால் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகப் பேருந்து மாறி மாறி, மாநில எல்லையை இரண்டு முறை தாண்டி நடந்த தாம்பத்தியம் அது. 2006 பிப்ரவரி மூன்றாம் தேதி மாட்டுப்பட்டியிலேயே மாரடைப்பில் அவர் போனபோது சேஷம்மாள் கணக்குப் பார்த்தார். இருபத்தைந்து ஆண்டில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஒன்பது ஆண்டு நான்கு மாதம். அனந்தநாராயணன் சித்தூர் வீட்டில் ஒரே மூச்சாகத் தங்கியது அதிகபட்சம் நாற்பத்து மூன்று நாள். அதுவும் 1994-இல், மஞ்சள் காமாலை வந்ததால்.

குழந்தைகள் இல்லை. இருந்தது அச்சுக்கோப்பு.

கல்லூரி வினாத்தாளை அச்சகத்தில் கொடுத்தால் வர்க்கமூலக் குறியின் கூரை பாதியில் நின்றுவிடும். கீழே இருக்கும் எண்கள் மழையில் நனையும். இதைச் சகிக்காமல் 1999-இல் கணிதக்காரர்கள் பயன்படுத்தும் இலவச அச்சுக்கோப்பு மென்பொருள் ஒன்றைத் தாமாகவே கற்றுக்கொண்டார். திரையில் பார்த்துப் பார்த்து இழுத்து ஒட்டுகிற வகை அல்ல அது. இன்னது இன்ன எழுத்தில், இன்ன உயரத்தில் வேண்டும் என்று கட்டளைகளாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவே பக்கங்களாக்கித் தரும். கட்டளையை ஒரே இடத்தில் மாற்றினால் புத்தகம் முழுக்க மாறிவிடும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஜீவனைச் சேஷம்மாள் முதல்முறையாகச் சந்தித்தார். அந்த நம்பிக்கை இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

பாலக்காட்டுப் பேச்சில் அக்கிரகாரத்தைக் கிராமம் என்பார்கள். கிராமத்தின் சபைக்குச் சமூகம் என்று பெயர். சேஷம்மாளின் கிராமத்தில் நான்கு தெரு. சமூகத்தின் தலைவர் துரைசுவாமி, ரயில்வேயில் சுற்றறிக்கைகள் தயாரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கிராமத்துக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு விவரப் புத்தகம் போடவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். அவற்றில் நாலு தெருவில் இருப்பவை எழுபத்தொன்பது. மற்றவை மும்பையிலும் மஸ்கட்டிலும் நியூஜெர்சியிலும். தங்கள் பூர்வீகத்தைப் பற்றிப் பெருமைப்படும் அந்தக் குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பூர்வீகத்தின் எழுத்து தெரியாது. ஆகையால் புத்தகம் ஆங்கிலத்தில் என்று முடிவாயிற்று.

அடுத்த சிக்கல், காலமானவர்கள். பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போடலாம் என்றார் துரைசுவாமி. அது அபசகுனமாகத் தெரிகிறது என்று சிலர் சொன்னார்கள். ரயில்வேக்காரர் வாயிலேயே அந்தச் சொல் வரலாமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சிலுவைக் குறி போடலாமென்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. மூன்று கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. நான்காவதில் சேஷம்மாள் எழுந்து, ஸ்மால் கேப்ஸ் போடலாம் என்றார்.

அது ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வகை. உருவம் பெரிய எழுத்தினுடையது, உயரம் சின்ன எழுத்தினுடையது. வரியில் மற்றவர்களோடு நின்றாலும் தலையைத் தூக்காது. கவனித்துப் பார்க்கிறவருக்கு மட்டும் வேறாக நிற்பது தெரியும். காலமானவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லையென்று சேஷம்மாள் சொன்னபோது சபைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் ஒருமனதாக நிறைவேறியது.

மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். பெரிய எழுத்தைச் சும்மா சுருக்கிப் போட்டு ஸ்மால் கேப்ஸ் என்று சொல்வோர் உண்டு. அப்பாவின் சட்டையை வெந்நீரில் சுருக்கிப் பிள்ளைக்கு மாட்டுவது போன்றது அது என்பார் சேஷம்மாள். கோடுகள் மெலிந்து சோகை பிடித்துத் தெரியும். அவர் தேடியது அந்த உயரத்துக்கென்றே வரையப்பட்ட அசல் எழுத்து. ஒன்பது எழுத்துக் குடும்பங்களை, அதாவது ஃபான்டுகளை, ஏற்றிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். காலமானவர் என்று ஒரு கட்டளை செய்துகொண்டார். பெயரை அதற்குள் போட்டால் போதும். எழுத்து தானாக மாறும். ஒத்திகைப் பக்கங்களில் காலமானவர்கள் அடக்கமாக, அழகாக நின்றார்கள்.

அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கையில் துரைசுவாமி வந்தார். குடும்பத் தலைவரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கவேண்டாமா என்றார். தலைவர் காலமாகியிருந்தால் யாரைத் தலைவராகக் கொள்வது என்று சேஷம்மாள் கேட்டார். மனைவியைப் போடலாம் என்ற எண்ணம் துரைசுவாமிக்கு வரவே இல்லை.

"போனாலும் அவாதான் தலைவர். ஆத்தை அவா பேர்லேதானே எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

சேஷம்மாள் தலைவர் என்ற கட்டளையில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். புத்தகம் முழுக்கத் தலைவர்கள் தடித்தார்கள். முதல் பக்கத்தைச் சரிபார்த்தார்; அதில் இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடிருப்பவர்கள். பிறகு தொலைபேசி எண்களையும் கதவிலக்கங்களையும் நான்கு முறை சரிபார்த்தார். எண்பத்தேழாம் பக்கத்தை மட்டும் ஒரு முறையோடு விட்டார். தம் வீட்டு இலக்கத்தைத் தாமே சரிபார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தார். அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நிற்க அவருக்கு மனமும் இல்லை.

2024 சித்திரை விஷுவன்று புத்தகம் வெளியானது. நானூற்றைம்பது பிரதிகள். எல்லோரும் பாராட்டினார்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, பழக்கமில்லாத எண்ணிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் அம்ருதா. மேலண்டைத் தெருவில் பிறந்து வெளியூரில் வளர்ந்த சுதீப்பின் மனைவி. கல்யாணமாகி மஸ்கட் போனவள், போன மாதம்தான் ஊர் திரும்பியிருக்கிறாள். ஜூலை பத்தாம் தேதி நாத்தனாருக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் ஜூன் இருபத்தொன்று வெள்ளிக்கிழமை வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை. மாமியார் போய் ஐந்து வருடமாகிறது; மாமனாருக்குப் பெயர்களெல்லாம் மறந்துவிட்டன; கேட்க வேறு பெரியவர்கள் இல்லை. ஏழு பொண்டுகளில் ஐந்து பேர் உறவில் கிடைத்துவிட்டார்கள், வெளியாள் இரண்டு பேர் வேண்டும், புத்தகத்தைப் பார்த்துத்தான் அழைக்கிறாள் என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள்.

பொண்டுகள் என்பது அந்தப் பிரார்த்தனையில் இலை போட்டு உட்காரவைக்கப்படும் சுமங்கலிகள். சுமங்கலியாகவே இறந்த குடும்பத்துப் பெண்கள் அன்றைக்கு அவர்களிடம் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. கணவன் உயிரோடிருப்பது ஒன்றே தகுதி. வேறு எந்தப் பட்டமும் வேண்டாம்.

"மாமி, மாமாகிட்டெயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. அன்னிக்கு அவரையும் சாப்பிட வரச்சொல்லி எங்காத்துலே சொன்னா" என்றாள் அம்ருதா.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பார்கள். சேஷம்மாள் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர். ஆனால் அவர் சொன்னது, நாளைக்குச் சொல்கிறேன் என்பதுதான். பிறகு புத்தகத்தை எடுத்து எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். டாக்டர் அனந்தநாராயணன், தடித்த எழுத்தில், முழு உயரத்தில், ஆரோக்கியமாக நின்றார்.

கணினியைத் திறந்தார். மென்பொருள் ஒவ்வொரு முறை புத்தகத்தைக் கோக்கும்போதும் தான் செய்ததையெல்லாம் ஒரு பதிவில் எழுதிவைக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரி. வேலையை நிறுத்தும் பிழைகளைத்தான் சேஷம்மாள் அதில் படிப்பார். வெறும் எச்சரிக்கைகளை விட்டுவிடுவார். ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் இருந்தது அந்த வரி. தடித்த ஸ்மால் கேப்ஸ் என்று ஒரு வடிவம் இந்த எழுத்துக் குடும்பத்தில் இல்லை. அதற்குப் பதில் சாதாரணத் தடித்த எழுத்தைப் போட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். ஒரு வடிவத்துக்கு ஒரு முறை சொன்னால் போதுமென்பது அதன் விதி. காலமான தலைவர்களை எண்ணினார். அறுபத்தொரு பேர். அறுபத்தொரு பேர் உயிர்த்தெழுந்ததற்கு ஒற்றை வரித் தகவல்.

இன்னொன்றையும் கவனித்தார். மனைவியர் எவரும் தலைவர்கள் அல்லர். ஆகவே எவர் பெயரும் தடிக்கவில்லை. ஆகவே காலமான மனைவியரின் பெயர்கள் ஸ்மால் கேப்ஸில் மிகச் சரியாக அச்சாகியிருந்தன. புத்தகத்தில் எழுந்து வந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்கள் இறந்தபடியே இருந்தார்கள்.

விஷுவிலிருந்து அன்றைக்கு ஐம்பத்தாறு நாள். அனந்தநாராயணன் உயிரோடிருந்த காலத்தில்கூட சித்தூர் முகவரியில் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை சேஷம்மாளுக்கு மூன்று வேலைகள்.

முதலில் துரைசுவாமியிடம் சொன்னார். அவர் தம் பிரதியைப் புரட்டிப் பார்த்து, மூன்றாவது பெயரிலேயே புத்தகத்தை மூடிவிட்டார். திருத்தச் சீட்டு ஒன்று அடித்து எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் போயாக வேண்டும் என்றார். அது நியாயம்தான் என்று சேஷம்மாளும் ஒப்புக்கொண்டார்.

அடுத்து அம்ருதாவை அழைத்தார். அச்சில் பிழை, தன் கணவர் காலமாகிப் பதினெட்டு ஆண்டு ஆகிறது, தான் வரக்கூடாது என்று சொன்னார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுத் தீரவில்லை. சாரமில்லை, போகட்டும் என்று சேஷம்மாள்தான் தேற்றவேண்டியிருந்தது. சேஷம்மாளின் இடத்துக்குத் தன் அடுத்தாத்து மாமியைக் கேட்டுப்பார்க்கிறேன் என்றாள் அவள். "நல்லவேளை, இன்னொரு இடத்துக்குப் பகவதி மாமி உடனே சம்மதிச்சுட்டா. ஒன்பது கஜம் சொந்தமா இருக்கு, நீ வாங்கவேண்டாம்னுட்டா."

சேஷம்மாள் தொலைபேசியை வைத்தபிறகு புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை இல்லை. பகவதியின் கணவர் ஹரிஹரன், மருந்துக் கடை வைத்திருந்தவர், 2011 நவம்பர் எட்டாம் தேதி காலமானார். அறுபத்தொருவரில் ஒருவர். பகவதிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அன்றிலிருந்து பகவதியை எந்த வீட்டிலும் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்ததில்லை. தெருவில் நவராத்திரி நடக்கும் ஒன்பது நாளும் அவள் பாலக்காட்டில் தங்கையின் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒன்பது நாளும் தங்கைக்கு ஏதாவது உடம்புக்கு வரும். பத்தாம் நாள் தேறிவிடும்.

மூன்றாவது வேலை பட்டியலில் இல்லை. மாலை நாலு மணிக்குப் பகவதியின் வீட்டுக்குப் போனார்.

பின்கட்டில், கொடியில் அரக்குநிற ஒன்பது கஜம் காய்ந்துகொண்டிருந்தது. பகவதி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். சேஷம்மாள் புடவையைப் பார்த்ததை அவள் பார்த்தாள். இருவரும் ஊர் வெயிலைப் பற்றிச் சற்று நேரம் பேசினார்கள்.

"அது அச்சுப் பிழையாக்கும், பகவதி" என்றார் சேஷம்மாள் கடைசியில்.

"பிழையா?" பகவதி கத்தியை வைத்துவிட்டு, தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்தாள். "விஷு அன்னிக்கே பாத்தேன். நீங்க வேணும்னே போட்டதாக்கும்னு நினைச்சேன். டீச்சருக்குப் பிழை வராதேன்னு."

 செய்யாத நல்ல காரியத்துக்கு ஐம்பத்தேழு நாளாக ஒருத்தி தமக்கு நன்றியோடு இருந்திருக்கிறாள்.

"அந்தக் குட்டிகிட்டெ நீ சொல்லியிருக்கலாமே."

"அவ என்ன கேட்டா? உங்காத்துக்காரர் இருக்காரான்னா கேட்டா? வெள்ளிக்கிழமை வரமுடியுமான்னு கேட்டா. முடியும்னேன். எனக்கு வெள்ளிக்கிழமை வேறே ஜோலி இல்லே."

கணிதத்தில் இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். முப்பத்திரண்டு வருடம் இதைத்தான் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் சேஷம்மாள், ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருத்தச் சீட்டு வரும், அதில் ஹரிஹரன் பெயர் இருக்கும், அம்ருதாவும் பார்ப்பாள் என்றார். பகவதி நறுக்கிய துண்டுகளை மோர்த்தண்ணீரில் போட்டாள். கெஞ்சவில்லை.

"திருத்துங்கோ. பிழைன்னா திருத்தத்தானே வேணும்" என்றாள். எழுந்துபோய், கொடியிலிருந்து புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒன்பது கஜத்தை ஒருத்தியாக மடிப்பது கஷ்டம். சேஷம்மாள் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

அன்று வீடு திரும்பியவர், அகராதி வரிசையில் அறுபத்தொரு பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தடித்த ஸ்மால் கேப்ஸ் உள்ள வேறு எழுத்துக் குடும்பங்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. கால்மணி நேரத்தில் இரண்டு கிடைத்தன. ஆனால் புத்தகத்தின் எழுத்தோடு அவை பொருந்தவில்லை. புத்தகம் ஒரு முகமாகவும் சீட்டு வேறு முகமாகவும் இருக்கலாமா? கூடாது. ஆகவே இருக்கிற எழுத்துக் குடும்பத்துக்கு இல்லாத வடிவத்தைத் தாமே வரைந்து சேர்ப்பது என்று முடிவு செய்தார். இருபத்தாறு எழுத்தில் நான்கு, அந்த அறுபத்தொரு பெயர்களில் எங்கும் வரவில்லை. மீதி இருபத்திரண்டு. ஒழுங்காக வரைந்தால் நாளுக்கு இரண்டு எழுத்து ஆகும். பதினொன்றாம் தேதி தொடங்கினால் பதினொரு நாள். இருபத்தொன்றாம் தேதி மாலை முடியும்.

கணக்கு எப்படியோ அப்படி வந்தது. அதைத் தாமே வரவழைத்தார் என்று சொன்னால் சேஷம்மாள் ஒப்புக்கொள்ளமாட்டார்.

துரைசுவாமி ஒப்புக்கொள்ளவில்லை. நாளுக்கு ஐந்தாறாக வரையக்கூடாதா என்று கேட்டார். அவசரத்தில் ஒரு சொல்லைச் சேர்த்ததால்தான் அறுபத்தொரு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள் என்றார் சேஷம்மாள். சரி, சீட்டு வரும்வரை பட்டியலை மட்டும் வாட்ஸப் குழுவில் போட்டுவிடலாம் என்றார் துரைசுவாமி.

"போடலாமே. ஒரே நாள்லே அறுபத்தொரு துக்கச் செய்தி, கீழே உங்க கையெழுத்து. தடிச்ச எழுத்து யார் கேட்டதுன்னும் ஒரு வரி சேர்க்கணுமா?"

துரைசுவாமி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, முறைப்படி அச்சில் போவதுதான் சமூகத்துக்கு அழகு என்று தாமே சொன்னார்.

சேஷம்மாள் வேலையைத் தொடங்கினார். முதல் நாள் ஏ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பெரிய தடித்த எழுத்தைச் சுருக்கினால் கோடு மெலியும். கோட்டைத் தடிக்கவைத்தால் உள்வெளி அடைபடும். உள்வெளியைத் திறந்தால் அகலம் கூடும். அகலம் கூடினால் பக்கத்து எழுத்து நெருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் அச்செடுத்து, கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணாடியோடும் இல்லாமலும் பார்த்தார். காலமானவரும் தலைவரும் ஒரே எழுத்தில் தெரியவேண்டும். அடக்கமும் வேண்டும், அதிகாரமும் வேண்டும். இப்படி ஓர் ஆண்பிள்ளையைச் சேஷம்மாள் நேரில் பார்த்ததில்லை. எழுத்தில் வரைவது அதனால்தான் சிரமமாக இருந்தது.

பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை விடியும்போது பதினாறு எழுத்துகள் ஆகியிருந்தன. அன்று பதினொரு மணிக்கு அம்ருதாவே நேரில் வந்தாள். கையில் வெள்ளைத்தாளும் பேனாவும். ஒன்பது கஜத்தை எந்தப் பக்கம் கொசுவுவது, இலையில் எதை முதலில் போடுவது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். சேஷம்மாள் தாமே எந்நாளும் நம்பாத சடங்கின் ஒவ்வொரு படியையும் வரிசை எண்ணோடு சொன்னார். பதினேழு படிகள்.

எழுந்து போகும்போது அம்ருதா தயங்கினாள். பூக்காரி கருப்பாத்தாளிடம் வெள்ளிக்கிழமைக்குப் பூச் சொல்லியிருக்கிறாள். யார் யார் உட்காருகிறார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். பகவதி மாமியின் பெயரைச் சொன்னதும், அந்த அம்மா ஊட்டு ஐயா தவறிப்போய் வெகுநாள் ஆச்சுங்களே என்றிருக்கிறாள்.

"அவளுக்கு வேறே யாரோ ஓர்மை, ஆள் மாறிப்போச்சாக்கும்னு நினைச்சேன். புஸ்தகத்துலே ஹரிஹரன்னு தடிச்ச எழுத்துலேதானே இருக்கு. உங்களாத்து மாமா பேர் பிழையாப் போச்சு, அது சரி. இது சரியா, பிழையா? புஸ்தகம் போட்டவா நீங்க, நீங்களே சொல்லிடுங்கோ, மாமி."

இதுதான் அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி. பகவதியிடம் யாரும் கேட்காத கேள்வி, கடைசியில் தவறான வீட்டுக்கு வந்து, தப்பாகப் பதில் சொல்லத் தெரியாத ஆளிடம் நிற்கிறது. 2011 நவம்பர் எட்டு என்று சொன்னால் மூன்று சொல்லில் முடிந்துவிடும். ஒரு புடவை மறுபடி பெட்டிக்குள் போகும். இல்லை, இருக்கிறார் என்று சொன்னால் அது பொய். சேஷம்மாளின் நாட்குறிப்பில் பொய்களுக்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

மேசையில் திருத்தச் சீட்டின் மாதிரி கிடந்தது. அதன் தலைப்பை முந்தின நாள்தான் துரைசுவாமி எழுதிக் கொடுத்திருந்தார். ரயில்வேக்காரர் ஆகையால், இத்திருத்தம் இன்ன தேதி முதல் நடைமுறைக்கு வரும் என்ற வரி இல்லாமல் அவருக்கு ஒரு காகிதமும் காகிதமல்ல. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். சேஷம்மாள் பேனாவை எடுத்து அந்த இடத்தில் 22.06.2024 என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"புஸ்தகத்துக்குத் திருத்தம் ஒண்ணு வரப்போறது. அது சனிக்கிழமையிலேர்ந்து. வெள்ளிக்கிழமை வரைக்கும் புஸ்தகத்துலே என்ன இருக்கோ, அதுதான் சமூகத்தோட கணக்கு."

அம்ருதா அவரையே பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து படிக்க முடிகிற தூரம்தான். படித்தாளா இல்லையா என்பது சேஷம்மாளுக்குத் தெரியாது. தெரியாததை அவர் சொல்வதில்லை.

"அப்போ வெள்ளிக்கிழமை சரி" என்றாள் அம்ருதா. குறிப்பெழுதிய தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை துரைசுவாமி வந்து மாதிரியைப் பார்த்தார். அறுபத்தொரு பேரும் வருகிற சனிக்கிழமை முதல் காலமாகிறார்கள் என்பது அதன் பொருள். முறைப்படி இருக்கிறது என்று மிகவும் திருப்தியோடு சொல்லி, அடியில் கையெழுத்திட்டார். தம் பணிக்காலத்தில்கூட இவ்வளவு தெளிவான சுற்றறிக்கை வந்ததில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை சேஷம்மாளுக்கு மிச்சம் இரண்டு எழுத்து. காலையில் ஒன்று ஆயிற்று. மற்றது ஆங்கில ஒய். அதன் இரண்டு கைகளும் ஒரே கனமாக இருந்தால் கவட்டைக் கம்பு மாதிரி தெரிந்தது. வலது கையை மெலிதாக்கிக்கொண்டிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு வாசலில் ஆள் அரவம். பகவதி நின்றாள். அரக்குநிற ஒன்பது கஜம், காலில் நலங்கு, தலையில் முல்லை. நெற்றியில் என்ன இருந்தது என்று சேஷம்மாள் உற்றுப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து, வாழையிலைப் பொட்டலம் ஒன்றை மேசை ஓரத்தில் வைத்தாள். எள்ளுருண்டையும் போளியும். நாற்காலியில் உட்காரவில்லை, புடவை கசங்கும் என்றாள்.

"எப்படி நடந்தது?" என்று கேட்டார் சேஷம்மாள்.

"போளியிலே ஏலக்காய் ஜாஸ்தி. அந்தக் குட்டி நமஸ்காரம் பண்றச்சே கண்ணை மூடிண்டு ரொம்ப நேரம் கிடந்தா. என்ன வேண்டிண்டாளோ. நான் நன்னா இருன்னேன்." பகவதி திரையில் பெரிதாக நின்ற எழுத்தைத் தலைசாய்த்துப் பார்த்தாள். "இதுதானா நாளைக்கு வரப்போறது?"

"இது கடைசி எழுத்து. ஹரிஹரனுக்கு இது வேண்டாம். அவருக்கு வேண்டியது அஞ்செழுத்து, எல்லாம் ஆயாச்சு."

"நன்னா இருக்கோ?"

சேஷம்மாள் அச்செடுத்து வைத்திருந்த தாளை எடுத்துக்கொடுத்தார். ஹரிஹரன் என்று ஒற்றைப் பெயர், தடித்த ஸ்மால் கேப்ஸில். பகவதி அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடி கொண்டுவரவில்லை. ஜன்னல் பக்கம் போய் மறுபடி பார்த்தாள்.

"கொஞ்சம் குள்ளமாத் தெரியறார். ஆனா அவர் குள்ளம்தான்" என்றாள். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். "அடுத்த பதிப்பு எப்போ, டீச்சர்?"

"பத்து வருஷத்துக்கு ஒரு தடவைன்னு தீர்மானம்."

பகவதி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். "அப்போ எனக்கு அறுபத்தேழு. அதுவரைக்கும் இந்தப் புடவை தாங்கும்" என்று சொல்லிவிட்டு, நிலைப்படியில் கொசுவம் தட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தெருவில் அவள் வழக்கமாக ஓரமாகத்தான் நடப்பாள். அன்று நடுவே நடந்துபோனாள்; எதிரே வந்த ஆட்டோதான் ஒதுங்கிற்று.

சேஷம்மாள் ஆறு மணிக்கு ஒய்யை முடித்தார். கோப்பு முழுவதையும் மறுபடி ஓட்டி, இந்த முறை பதிவின் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிகளையும் படித்தார். எச்சரிக்கை ஏதும் இல்லை.